அணுமருத்துவப் பணியாளரின் கதிர்வீச்சுக் கணக்கு அவர்களிடமே சேர வேண்டும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சுகாதார அமைச்சின் செயலாளருக்கும், கிழக்கு மாகாணத்தின் சுகாதார சேவைகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

நோயாளியின் உடலுக்குள் கதிரியக்க மருந்தைச் செலுத்தி நோயை அறிவதும், அதே வழியில் தைரொயிட் புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதும் அணுமருத்துவத்தின் வேலை. அந்த மருந்தைக் கலப்பவர், அளப்பவர், ஏற்றுபவர், ஏற்றிய பின் நோயாளியைத் தாங்கிப் பிடித்து மேசையில் படுக்க வைப்பவர், நோயாளி பயன்படுத்திய கழிவறையைக் கழுவுபவர் ஆகிய எல்லோருடைய உடலிலும் வேலை நாட்களில் சிறிதளவு கதிர் படுகின்றது. அது எவ்வளவு என்பதைச் சரியான இடத்தில் அளந்து, அளந்து பெற்ற எண்ணை உரியவரின் கையில், அவர் வாசிக்கக்கூடிய மொழியில் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகின்றேன்.

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். கதிரியக்கத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி, அதில் ஒரு பகுதியை இந்த நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள அணுமருத்துவப் பிரிவுகளில் கழித்து, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவன். எங்கள் மாவட்டத்திலிருந்தும் அம்பாறை மாவட்டத்திலிருந்தும் ரேடியோகிராபர்களாகவும் தாதிய உத்தியோகத்தர்களாகவும் சிற்றூழியர்களாகவும் இந்தப் பணிக்குச் சென்ற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், இனியும் செல்வார்கள். அதுபோலவே வாகரையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் நோயாளிகள் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மேல் மாகாணத்தில் கதிரியக்க அயடீன் சிகிச்சை பெற்றுத் திரும்புகின்றார்கள். வந்த சில நாட்களுக்குள் அவர்களில் ஒருவருக்கு வாந்தியோ மயக்கமோ ஏற்பட்டால், அவரைத் தூக்கி ஏற்றுக்கொள்வது அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் தாதியும் சிற்றூழியருமே. ஆகவே இது தலைநகரின் ஒன்றிரண்டு வைத்தியசாலைகளோடு முடிந்துபோகும் விடயம் அன்று.

யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பூமியில் வாழும் ஒருவர் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவேர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தொழில்முறையில் கதிர்வீச்சுக்கு உட்படுவோருக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு விதித்துள்ள உடல் முழுவதற்குமான எல்லை, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட். எந்தவொரு தனி ஆண்டிலும் 50 ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடத்தப்படும் அணுமருத்துவப் பிரிவொன்றில் பணியாளரின் மார்பில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பட்ஜ் (பட்ட கதிரைப் பதிந்து வைக்கும் சிறு அளவி) காட்டும் அளவு பொதுவாக இந்த எல்லைக்கு வெகு கீழே, சில மில்லிசீவேர்ட்டுகளிலோ அதற்கும் குறைவாகவோ நிற்கும். எல்லை மீறப்படுகின்றது என்பது என் முறைப்பாடு அல்ல. மார்பில் படுவதை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் அளந்தாயிற்று என்று கருதுவதும், அளந்ததையும் அளக்கப்பட்டவரிடம் சொல்லாமல் விடுவதுமே என் முறைப்பாடு.

இந்தப் பணியில் அதிகம் கதிர் படும் உறுப்பு கை. ஒரு பிரிவின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். மொலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய, ஜெனரேட்டர் எனப்படும் சிறு கலம் ஈயக் கவசத்துக்குள் இருக்கின்றது. அதனூடாக உப்புநீரைச் செலுத்தி, பரிசோதனைகளுக்குரிய கதிரியக்கப் பொருளான தெக்னீசியம்-99எம் வடித்தெடுக்கப்படுகின்றது. வடித்த குப்பியை அளக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து எலும்புக்கோ இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ உரிய மருந்துக் கிட்டுடன் கலக்க வேண்டும். கலந்ததைச் சிறிஞ்சுகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் அளந்து, எடுத்துச் சென்று, நாளத்தைத் தேடி ஏற்ற வேண்டும். இவற்றில் ஒவ்வொரு படியிலும் விரல் நுனி மருந்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றது. எலும்புப் பரிசோதனைக்கு வழக்கமாக ஏற்றும் 740 மெகாபெக்கரல் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு), பழைய கணக்கில் 20 மில்லிகியூரி, கவசமில்லாத பிளாஸ்டிக் சிறிஞ்சில் இருக்கும்போது அதன் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்தத் தோலில் நிமிடத்துக்குச் சுமார் 4 மில்லிசீவேர்ட் படும். கைகளுக்கும் தோலுக்குமான ஆண்டு எல்லை 500 மில்லிசீவேர்ட். ஒரு வேலை நாளில் மொத்தமாக அரை நிமிடம் மட்டும் அப்படிப் பிடிப்பவர், ஆண்டில் 250 நாட்கள் வேலை செய்தால், அந்த எல்லையை எட்டிவிடுவார். அதே ஆண்டில் அவருடைய மார்புப் பட்ஜ் எவரும் கேள்வி கேட்காத ஒரு சிறிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

சிறிஞ்சைச் சுற்றி 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள டங்ஸ்டன் கவசம் இருந்தால் இந்த அளவில் மிகப் பெரும்பகுதி நின்றுவிடும். குப்பியைக் கையால் தூக்காமல் நீண்ட இடுக்கியால் தூக்கினாலும் பெரிய மாற்றம் ஏற்படும். தூரம் பத்து மடங்கானால் கதிரின் செறிவு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகும் என்பது இந்தத் துறையின் முதல் பாடம். ஆனால் கவசம் பாரமானது. நாளத்துக்குள் இரத்தம் திரும்பி வருவதைப் பார்ப்பதற்கு அது இடைஞ்சலாக இருக்கின்றது. ஊசியேற்றக் காத்திருக்கும் வரிசை நீளமாக இருக்கும் நாளில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் எளிதில் வந்துவிடுகின்றது. கைக்கு எவ்வளவு படுகின்றது என்ற எண் கண்ணுக்கு முன்னால் இருந்தால் அந்தப் பழக்கம் தொடராது. எண் இல்லாத இடத்தில் அறிவுரைக்குப் பலம் இல்லை என்பதை நான் பல பிரிவுகளில் பார்த்திருக்கிறேன்.

2008 முதல் 2011 வரை ஐரோப்பாவில் நடைபெற்ற ஓரமெட் என்ற ஆய்வுத் திட்டம் இந்தக் கையின் கணக்கைத்தான் விரிவாக ஆராய்ந்தது. மருந்து தயாரிப்பவர்களின் இரு கைகளிலும் பல இடங்களில் சிறிய அளவிகளை ஒட்டி அளந்தபோது, பழக்கமற்ற கையின், அதாவது வலக்கைக்காரருக்கு இடக்கையின், சுட்டுவிரல் நுனியிலேயே பெரும்பாலும் அதிக அளவு பட்டிருக்கக் கண்டார்கள். வலக்கை வேலை செய்யும்போது குப்பியையும் சிறிஞ்சின் முனையையும் தாங்கிப் பிடிப்பது இடக்கைதான் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. மோதிர டோசிமீற்றரை, அதாவது மோதிர வடிவிலான கதிர் அளவியை, அந்தக் கையின் சுட்டுவிரல் அடியில், அதன் உணரும் பக்கம் உள்ளங்கையை நோக்கியிருக்கும்படி அணிய வேண்டும் என்றும், அதில் வரும் எண்ணை ஏறத்தாழ 6 ஆல் பெருக்கினால் விரல் நுனியின் அதிகபட்ச அளவை மதிப்பிடலாம் என்றும் அந்தத் திட்டம் பரிந்துரைத்தது. அது முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதைச் செய்வதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மார்புப் பட்ஜில் உள்ள அதே வகையான, கதிரை உணரும் சிறு துண்டை ஒரு மோதிரத்தில் பதித்து, மாசு ஒட்டாமலிருக்கக் கையுறைக்குள் அணிந்தால் போதும். எனவே பேரவை வழங்கும் அனுமதிப்பத்திரத்தில், மருந்து தயாரிக்கின்ற, ஏற்றுகின்ற ஒவ்வொருவருக்கும் மோதிர டோசிமீற்றர் வழங்கப்பட வேண்டும் என்பதை ஒரு கட்டாய நிபந்தனையாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கின்றது. அதில் எழுதப்படாத எதையும் எந்த வைத்தியசாலை நிர்வாகமும் தன் வரவு செலவில் முதலிடத்தில் வைக்காது.

புற்றுநோய் போன்றவற்றை உடலுக்குள் தேடிப் படமெடுக்கும் பெற் ஸ்கேன் (PET) வந்த பின் கைக்கணக்கின் அவசியம் இன்னும் கூடியிருக்கின்றது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக இந்த நாட்டின் எல்லா இனத்து மக்களும் கொடுத்த பணத்தை நாம் மறக்கவில்லை. அந்த இயந்திரத்தின் பயனைக் கிழக்கு மக்களும் பெறுகின்றார்கள். அதில் பயன்படும் கதிரியக்கப் பொருளான புளோரின்-18 வெளியிடும் கதிரின் ஆற்றல் 511 கிலோ இலத்திரன்வோல்ட். தெக்னீசியத்தின் 140 உடன் ஒப்பிடும்போது இது மிக ஊடுருவும் கதிர். தெக்னீசியத்துக்கு ஓரளவு உதவும் அரை மில்லிமீற்றர் ஈய அங்கி இதன் முன் ஏறத்தாழப் பயனற்றது. பாரத்தைச் சுமந்துகொண்டு மெதுவாக நடப்பதால் நோயாளிக்கு அருகில் நிற்கும் நேரம் கூடி, சில வேளைகளில் பாதிப்பே அதிகமாகலாம். அங்கி அணிந்திருக்கிறேன், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நம்பும் பணியாளருக்கு இந்த வேறுபாட்டை ஒருவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றிய நோயாளியே கதிர்வீச்சின் மூலமாகிவிடுகிறார். 370 மெகாபெக்கரல் ஏற்றிய உடனே அவரிடமிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் மணிக்கு 30 மைக்ரோசீவேர்ட்டுக்கு (ஒரு மைக்ரோசீவேர்ட் என்பது மில்லிசீவேர்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கும். விளக்கத்தையெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லி முடித்துவிடுவது, ஊசிக்குப் பின் அவசியத்துக்கு மட்டும் நெருங்குவது ஆகிய இரண்டும் எந்த அங்கியையும்விடப் பயன் தருபவை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்வில்லைக்கான ஆண்டு எல்லை முன்னர் 150 மில்லிசீவேர்ட்டாக இருந்தது. குறைந்த அளவிலும் கண்புரை ஏற்படக்கூடும் என்ற சான்றுகளைக் கருத்திற்கொண்டு 2011 இல் சர்வதேச ஆணைக்குழு அதை 20 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பழைய எண்ணோடு அச்சிட்ட அறிவுறுத்தல்கள் எந்தப் பிரிவின் சுவரிலேனும் தொங்கினால் அவற்றை அகற்ற வேண்டும்.

இனி, கணக்கிலேயே வராத மனிதர்களுக்கு வருகிறேன். இந்த மடலில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திர சிகிச்சைக்குப் பின் அயடீன்-131 பெறும் நோயாளிக்குப் பெரும்பாலும் 3.7 கிகாபெக்கரல், அதாவது 100 மில்லிகியூரி அளவில் மருந்து கொடுக்கப்படுகின்றது. கொடுத்தவுடன் அவரிடமிருந்து ஒரு மீற்றரில் மணிக்குச் சுமார் 200 மைக்ரோசீவேர்ட் இருக்கும். பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்குமான எல்லை 1 மில்லிசீவேர்ட். அந்த நிலையில் ஒரு மீற்றர் தூரத்தில் ஐந்து மணி நேரம் நின்றால் அது முடிந்துவிடும். அதனால்தான் நோயாளி தனியறையில் வைக்கப்படுகிறார். உடல் ஏற்காத அயடீனின் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களில் சிறுநீரில் வெளியேறுகின்றது. வியர்வையிலும் உமிழ்நீரிலும் கூட வருகின்றது. ஆகவே கழிவறைத் தரை, கழுவு தொட்டி, தலையணை உறை, தொலைபேசி, சாப்பாட்டுத் தட்டு ஆகிய எல்லாவற்றிலும் அது ஒட்டியிருக்கும்.

அந்த அறையைத் துப்புரவு செய்பவர் யார்? தட்டை எடுத்துச் செல்பவர் யார்? முதல் மணித்தியாலத்துக்குள் நோயாளி வாந்தி எடுத்தால், கொடுத்த மருந்தின் பெரும்பகுதி தரையில் இருக்கும்போது, அங்கு முதலில் அழைக்கப்படுபவர் யார்? நான் வேலை செய்த இடங்களில் ஒன்றில், ஐசோடோப்பை, அதாவது கதிரியக்க மருந்தை, கையாண்ட எங்களுக்கெல்லாம் பட்ஜ் இருந்தது. அந்த அறைகளைத் துப்புரவு செய்த அம்மாவுக்கு இல்லை. அவர் துப்புரவு ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர் என்பதால் அவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக எவரும் பதிவு செய்யவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட அறிவுறுத்தல் ஆங்கிலத்தில் இருந்தது. கதவில் இருந்த, கதிர்வீச்சை எச்சரிக்கும் மூவிதழ்க் குறியை மின்சார ஆபத்துக் குறி என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்பதுதான். கையைக் கழுவி, அளவுமானியால் சோதித்து, மாசு இல்லை என்று காட்டிவிட்டால் தாராளமாகத் தூக்கலாம் என்பதே அதற்கு விடை. அந்தச் சோதனையைச் செய்யும் கருவி அடுத்த அறையில் இருந்தது.

சட்டத்தின் கண்ணில் கதிர்வீச்சுப் பணியாளர் என்பவர் பதவிப் பெயரால் தீர்மானிக்கப்படக் கூடாது. அவர் நிற்கும் இடத்தாலும் செய்யும் வேலையாலும் தீர்மானிக்கப்பட வேண்டும். அயடீன் அறைக்குள் ஒழுங்காகச் செல்லும் சிற்றூழியருக்கும், ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வரும் துப்புரவுப் பணியாளருக்கும், இரவுக் கடமைத் தாதிக்கும் பட்ஜும் பயிற்சியும் பதிவும் வேண்டும். சர்வதேச தொழில் தாபனத்தின் 1960 ஆம் ஆண்டின் 115 ஆவது சமவாயம், கதிர்வீச்சில் நேரடியாக ஈடுபடுவோரைப் பற்றி மட்டுமன்றி, அதற்கு உட்படக்கூடிய இடத்தில் தங்கவோ கடந்து செல்லவோ வேண்டியவர்களைப் பற்றியும் பேசுகின்றது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடு.

பட்ஜால் அளக்க முடியாத இன்னொன்றும் உண்டு. திரவ அயடீனின் குப்பியைத் திறக்கும்போது ஆவியாக எழுவது மூச்சுடன் உட்சென்று தைரொயிட்டில் தங்கலாம். மார்பில் தொங்கும் பட்ஜ் அதை அறியாது. ஆனால் நோயாளியின் தைரொயிட் எவ்வளவு அயடீனை உறிஞ்சுகின்றது என்று பார்ப்பதற்காக அப்பிரிவுகளில் வைத்திருக்கும் கருவியின் முன்னால், மருந்தைக் கையாண்ட பணியாளரும் மறுநாளோ அதற்கு மறுநாளோ சில நிமிடங்கள் உட்கார்ந்தால் அவருடைய கழுத்தில் எவ்வளவு இருக்கின்றது என்பது தெரிந்துவிடும். செலவில்லாத இந்தச் சோதனையை ஒரு வழக்கமாக்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். திரவத்துக்குப் பதிலாக மாத்திரை உறையில் அயடீனை வாங்குவதும் ஆவியைப் பெரிதும் குறைக்கும். கொள்வனவுப் பிரிவு விலையை மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, அளந்த எண் எங்கே போகின்றது என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்ஜுகள் வாசிப்புக்காகக் கொழும்புக்குச் செல்கின்றன. முடிவுகள் வைத்தியசாலைக்கு வருகின்றன. ஒரு கோப்புக்குள் போகின்றன. எல்லைக்கு மேல் எவராவது சென்றால் விசாரணை நடக்கும். செல்லாதவருக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை என்பதே என் அனுபவம். என்னுடன் பணியாற்றிய தாதியொருவர் கிழக்கு மாகாணத்துக்கு இடமாற்றம் பெற்றபோது தன் ஆண்டுகளின் கணக்கை எழுத்தில் தருமாறு கேட்டார். "எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்பட ஒன்றுமில்லை" என்ற வாய்மொழிப் பதிலுடன் அவர் புறப்பட வேண்டியிருந்தது. அவர் பயந்து கேட்கவில்லை. தன் உடலில் பட்டது எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையினால் கேட்டார்.

சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 2014 இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்புத் தரநிலைகள், பணியாளர் தம்முடைய அளவுப் பதிவுகளைப் பார்வையிட வேலை வழங்குநர் வசதி செய்ய வேண்டும் என்றும், அவர் வேறிடத்துக்குச் செல்லும்போது அப்பதிவு உடன் செல்ல வேண்டும் என்றும், அவர் 75 வயதை அடையும் வரையிலும், பணியை விட்ட பின் குறைந்தது 30 ஆண்டுகளுக்கும் அது பேணப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தும் ஒருவர் இதைப் பெறலாம்தான். ஆனால் தன் உடலின் கணக்கைப் பெறுவதற்கு ஒரு தாதி தன் வைத்தியசாலைக்கு எதிராக விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டிய நிலை இருக்கவே கூடாது. ஒவ்வொரு வாசிப்பும் வந்தவுடன் உரியவருக்கு ஒரு சிறிய தாளாகவோ கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவோ போய்ச் சேரட்டும். அதில் இந்தக் காலத்தின் அளவு, இந்த ஆண்டின் மொத்தம், எல்லை, அதே பிரிவில் அதே வேலை செய்பவர்களின் சராசரி ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

எல்லைக்குள் இருக்கும் எண்ணை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கப்படலாம். 20 மில்லிசீவேர்ட் என்ற எல்லை, அதுவரை வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி அன்று. நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை விதி. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு 1 உம் மற்றவருக்கு 4 உம் வந்தால், இருவரும் எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் 4 வந்தவரின் கையிலோ மேசையிலோ வேலைப் பங்கீட்டிலோ திருத்த வேண்டிய ஏதோ ஒன்று இருக்கின்றது. அல்லது அவருடைய பட்ஜ் வேலை முடிந்ததும் மருந்தறைச் சுவரில் தொங்குகின்றது. எங்கள் பக்கத்தில் இன்னொரு சாத்தியமும் உண்டு: சித்திரை வைகாசி வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடப்பட்ட பட்ஜில் பதிந்திருக்கும் தடம் வெப்பத்தால் மங்கி, உண்மையைவிடக் குறைவான எண் வரலாம். வேலையின் தன்மையை அறிந்தவர் அந்தப் பணியாளரே. எண் அவர் கையில் இருந்தால்தான் இது சரியில்லையே என்று அவர் சொல்ல முடியும்.

எண்ணை மறைப்பதனால் ஏற்படும் இன்னொரு கேட்டை நகரத்து அலுவலகங்களில் இருப்போர் அறியாமல் இருக்கலாம். எங்கள் ஊர்களில், ஐசோடோப்புப் பிரிவில் வேலை பார்த்தால் பிள்ளை கிடைக்காது, கிடைத்தாலும் குறையோடு பிறக்கும் என்ற பேச்சு இன்னும் இருக்கின்றது. நல்ல திறமையுள்ள பெண் பிள்ளைகள் அந்தப் பிரிவுக்கு நியமனம் வந்ததும் வேறிடம் கேட்டு அலைவதையும், கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் அவளை வேலையை விடச் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலே கூட, பெற்றோர் பெற்ற கதிர்வீச்சினால் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் குறைபாடு அதிகரித்ததாகக் கண்டறியப்படவில்லை. பணியாளர் பெறும் சில மில்லிசீவேர்ட் அதற்கு எத்தனையோ மடங்கு கீழே உள்ளது. இதை ஒரு தாயிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டார். மகளின் பெயரில், அவள் பெற்ற அளவு எழுதிய தாள் ஒன்று வீட்டில் இருந்தால் பேச்சு வேறு வகையாக நடக்கும்.

கருவுற்றிருக்கும் பணியாளருக்கு உண்மையான கவனம் தேவை. அவர் தெரிவித்த நாளிலிருந்து எஞ்சிய காலத்தில் வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டாதவாறு வேலை மாற்றியமைக்கப்பட வேண்டும். சிசுவின் தைரொயிட் 10 முதல் 12 வாரங்களுக்குள் அயடீனை ஏற்கத் தொடங்கிவிடுவதால், அயடீன் அறையிலிருந்தும் அயடீன் மருந்திலிருந்தும் அவரை முற்றாக விலக்கி வைக்க வேண்டும்; பாலூட்டும் தாய்க்கும் இது பொருந்தும். தெரிவிப்பதால் அவருடைய வேலைக்கோ படிக்கோ பதவி உயர்வுக்கோ எந்தப் பாதிப்பும் வராது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். அந்த உறுதி இல்லாத இடத்தில் பெண்கள் மறைக்கிறார்கள். மறைக்கும் வாரங்களே கருவுக்கு மிக முக்கியமான வாரங்கள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் தொழில்நுட்பவியலாளரும் பெருமளவில் நாட்டை விட்டுச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். நோயாளிகளின் வரிசை அதே நீளத்தில் இருக்க, ஊசியேற்றும் கைகள் குறைந்துவிட்டன. நால்வருக்கிடையில் பகிரப்பட்ட அளவு இருவருக்கு வந்தால் ஒவ்வொருவருக்கும் இரட்டிப்பாகும். ஆளணித் தீர்மானங்களை எடுப்போர் இதைச் சம்பளச் செலவின் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. மேலதிக நேரக் கொடுப்பனவும் விசேட படியும் பாதுகாப்புக்கு மாற்றாக முடியாது என்பதும் மேற்சொன்ன சர்வதேசத் தரநிலைகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

பயிற்சிக்காக எல்லோரையும் கொழும்புக்கு அழைக்க வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கின்றது. தாதியரையும் வைத்தியரையும் உருவாக்கும் அந்த இடத்தில், பேரவையின் அலுவலர்கள் வந்து தமிழில் நடத்தும் கதிர்ப்பாதுகாப்புப் பயிற்சியொன்றை ஆண்டுதோறும் ஒழுங்குசெய்யலாம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய மூன்று பிராந்தியங்களின் வைத்தியசாலைகளிலிருந்தும் அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியரையும் சிற்றூழியரையும் அதற்கு அனுப்பலாம். அயடீன் பெற்றுத் திரும்பும் நோயாளியின் கையில் கொடுக்கப்படும் அட்டையில் மருந்தின் பெயர், அளவு, திகதி, எந்த நாள் வரை என்ன கவனம் என்பவை தமிழிலும் எழுதப்பட்டிருந்தால், அவரை ஏற்றுக்கொள்ளும் பொத்துவில் வைத்தியசாலைத் தாதி பதற்றமின்றித் தன் வேலையைச் செய்வார். இப்போது நடப்பதுபோல் ஐசோடோப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நோயாளியைத் தள்ளி நிறுத்துவதும், அறியாமல் வெறுங்கையால் வாந்தியைத் துடைப்பதும் இரண்டும் நேராது.

இந்த மடலுக்குப் பதில் தருவதாயின், மோதிர டோசிமீற்றரை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குவது, அயடீன் அறைகளில் வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளரைப் பதிவு செய்வது, தனிநபர் அளவுகளை இரு மொழிகளிலும் உரியவருக்கு அனுப்புவது ஆகிய மூன்றிலும் உங்கள் தீர்மானம் என்ன, எந்தத் திகதிக்குள் நடைமுறைக்கு வரும் என்பதைத் தமிழிலும் பகிரங்கமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிவுறுத்தல்களையும் அட்டைகளையும் தமிழில் எழுதுவதற்கோ, எழுதியவற்றை வாசித்துச் சரிபார்ப்பதற்கோ என் உதவி தேவைப்பட்டால் எவ்விதக் கொடுப்பனவுமின்றிச் செய்து தருவேன். இங்குள்ள என் முன்னாள் சகபாடிகள் சிலரும் அதற்கு இணங்கியிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
மட்டக்களப்பிலிருந்து, ஓய்வுபெற்ற அணுமருத்துவத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்